கியர் பாக்ஸ் வரைக்கும்

தார்ன்பெக், யார்க்ஷயர்
8 மார்ச் 1987

அன்புள்ள எனிட்,

நீயும் பெர்ட்டும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். பெர்ட்டின் கண் இப்போது எப்படி இருக்கிறது? எனக்கு முழங்கால்தான் தொந்தரவு. இங்கே பனி இன்னும் விடவில்லை, மேட்டு வயலில் சுவரோரமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது.

என் ஹில்டா இறந்தபோது நீ அனுப்பிய கார்டு வந்தது. அதற்கு நான் பதில் போடவில்லை. உட்கார்ந்து எழுதும் பழக்கம் அவளுக்குத்தான் இருந்தது. வருஷா வருஷம் உனக்கு வந்த கிறிஸ்துமஸ் கடிதமெல்லாம் அவள் எழுதியவை, நான் அடியில் பெயர் போட்டதோடு சரி. அது உனக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது வீட்டில் அப்பாவும் பிள்ளையுமாக நானும் மால்கமும்தான். அவன் குவாரி வேலைக்குப் போகிறான், வருகிறான். சமையல் என் பொறுப்பு, அதனால் இருவரும் இளைத்துவிட்டோம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தபால் நிலையத்து மேவிஸ் எழுதி உனக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நம் கொட்டகையில் ஒரு ஃபெரெட் நிற்கிறது. ஆமாம், அதே வகைதான். நாலு சக்கரம், இரண்டு ஆள் ஏறும் கவச வண்டி. ராணுவம் கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலம் விட்டபோது மால்கம் எடுத்துவிட்டான். என்னிடம் கேட்கவில்லை. லாரியிலிருந்து இறக்கும்போதுதான் எனக்கே தெரியும்.

"என்னடா இது?" என்றேன்.

"வண்டி" என்றான்.

அவன் அவ்வளவு பேசுவதே எங்கள் வீட்டில் அதிகம். எஞ்சின் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. உள்ளே ஏதோ பறவை கூடு கட்டியிருந்தது. அதைப் பிரித்துச் சரிசெய்து ஓடவைக்கப் போகிறானாம். நான் பஸ் டிப்போவில் கழித்த முப்பது வருஷம் இதற்காவது உபயோகப்படட்டும் என்று பார்க்கிறேன்.

உனக்கு இது பிடிக்காது. பிடிக்காததும் நியாயம்தான். சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பெர்ட்டை விசாரித்ததாகச் சொல்.

நார்மன்


ஓமாரு, நியூசிலாந்து
24 மே 1987

நார்மன்,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். பெர்ட்டின் கண் மங்கிக்கொண்டே வருகிறது, எனக்கு ரத்த அழுத்தம். உன் முழங்காலுக்குச் சூடான துணி சுற்று.

உன் கடிதம் மார்ச் கடைசியிலேயே கிடைத்துவிட்டது. பதில் போடாமல் இருந்தது மறந்துபோய் அல்ல. மேவிஸும் உன்னை முந்திக்கொண்டாள். "உங்க மருமவன் டாங்கி வாங்கியிருக்கான், ஊரே வந்து வேடிக்கை பாக்குது" என்று எழுதியிருந்தாள். அவளுக்கு அது டாங்கி.

என் கிளைவ் அப்படி ஒரு வண்டிக்கு அடியில் செத்தான். ஓட்டியவன் உன் மகன். அப்போது போர்கூட நடக்கவில்லை, ஜெர்மனியில் வெறும் பயிற்சி. மழையில் சாலையோரம் சரிந்தது, யார் மேலும் குற்றமில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். படித்தேன், மடித்துவைத்தேன். அதிலிருந்து பன்னிரண்டு வருஷமாக அந்த வண்டியின் படத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்காமல் இருக்கத்தான் பெர்ட்டை இழுத்துக்கொண்டு உலகத்தின் இந்தக் கோடிக்கு வந்தேன். இப்போது அது நம் அப்பா கட்டிய கொட்டகையில் நிற்கிறது என்கிறாய்.

இனி எழுதினால் மழை, வெயில், முழங்கால் என்று எழுது. அந்தச் சனியனைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. டின் சூப்பைச் சாப்பாடு என்று நினைத்துக்கொள்ளாதே.

எனிட்


தார்ன்பெக்
19 ஜூன் 1987

அன்புள்ள எனிட்,

உன் கடிதம் கிடைத்தது. இருவரும் இருக்கிறீர்கள் என்று தெரிந்ததில் நிம்மதி. துணி சுற்றிப் பார்த்தேன், பரவாயில்லை.

நீ சொன்னபடியே எழுதுகிறேன். மழை போதுமான அளவு பெய்தது. வெயில் தாமதம். கீழ் வயல் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது, அடுத்த வாரம் அறுப்பார்கள். மேல் வயலில் களை அதிகம். போன வருஷத்துப் புல்லை எலி தின்றுவிட்டது. சர்ச்சுக் கூரையில் இரண்டு ஓடு விழுந்தது, பாதிரியார் மேல் விழவில்லை என்று சிலருக்கு வருத்தம்.

மால்கம் இப்போது மேசையில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான். முன்பெல்லாம் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். ஹில்டா இருக்கும்போதும் அப்படித்தான், அவளுக்கு அது பெரிய குறை. இப்போது உட்காருகிறான், பேசவும் பேசுகிறான். எதைப் பற்றி என்று எழுதினால் நீ வேண்டாம் என்றதை எழுதியதாகிவிடும்.

தக்காளிச் செடி இரண்டு வைத்திருக்கிறேன்.

பெர்ட்டுக்கு என் அன்பு.

நார்மன்


ஓமாரு
2 ஆகஸ்ட் 1987

நார்மன்,

இங்கே நல்ல குளிர். பெர்ட்டுக்கு மூன்று வாரமாக இருமல், இப்போது தேவலை. எனக்கு ஒன்றுமில்லை.

உனக்குப் புல்லைப் பற்றி என்ன தெரியும்? சின்ன வயதிலிருந்து உனக்குத் தெரிந்தது இரும்பு ஒன்றுதான். அந்தக் கடிதத்தைப் பெர்ட்டுக்குப் படித்துக்காட்டினேன். "பாவம், மூச்சு முட்டியிருக்கும் எழுதறதுக்குள்ள" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு கோபமும் வந்தது.

மால்கம் என்ன பேசுகிறான் என்று எழுது. அடக்கத்தன்று அவன் என் வாசலுக்கு வந்து நின்றதிலிருந்து அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. அதற்காக அந்த வண்டியைப் பற்றி எழுத வேண்டும் என்றால் எழுதித் தொலை. படம் மட்டும் அனுப்பாதே.

தக்காளிக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றாதே.

எனிட்


தார்ன்பெக்
13 செப்டம்பர் 1987

அன்புள்ள எனிட்,

பெர்ட்டின் இருமல் முழுதாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். என் முழங்கால் கதையைக் கீழே சொல்கிறேன்.

கோடை முழுக்க வேலைதான். ரேடியேட்டர் வெளியே வந்துவிட்டது, பெட்ரோல் டேங்க்கும் வந்துவிட்டது. போன வாரம் எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கினோம். ஆறு சிலிண்டர், உள்ளே நான் பயந்த அளவுக்குக் கெட்டுப்போகவில்லை. இரும்பெல்லாம் கெட்டிக்காரன் கை பட்ட இரும்பு, துருவைச் சுரண்டினால் அடியில் புதிதுபோல் இருக்கிறது.

மால்கம் எந்த வேலையைத் தொட்டாலும் முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறான். "இப்ப தண்ணிய வடிக்கணும். அப்புறம் ரேடியேட்டரு. நாலு போல்ட்டு, கீழ ரெண்டு கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் பாக்கணும்." நான் பக்கத்தில் இல்லாதபோதும் இப்படித்தான். "யார்கிட்டடா சொல்ற?" என்று ஒருநாள் கேட்டேன். "சும்மா" என்றான். பாதிரியார் செபம் சொல்வதுபோல ஒரே குரலில் சொல்கிறான். எனக்கு அது பிடித்திருக்கிறது. இந்த வீட்டில் பேச்சுக் குரல் கேட்டு வெகுநாள் ஆயிற்று.

ஓட்டுகிறவன் இருக்கையில் மட்டும் அவன் உட்காருவதில்லை. உள்ளே ஏதாவது பார்க்க வேண்டும் என்றால் என்னைத்தான் இறக்குகிறான். "நீயே ஒக்காரேன்டா, உனக்குத்தான் பழக்கம்" என்றேன். "கால் நீட்ட முடியாது" என்றான். அன்று அடிபட்ட அவன் கால் ஆறிப் பல வருஷம் ஆகிறது, எனிட். குவாரியில் ஏறி இறங்குகிற கால்தான் அது. நானே உள்ளே இறங்கினேன்.

இந்த வண்டியில் கியரை முதலில் கையால் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பெடலை மிதிக்க வேண்டும். பாதி மிதித்துக் காலை எடுத்துவிட்டால் குதிரைபோல் திருப்பி உதைக்கும். எஞ்சினைத் தூக்குவதற்கு முன்னால் அதைச் சோதித்துப் பார்த்தேன். உதைத்துவிட்டது, அதுவும் என் நல்ல முழங்காலில். வெளியே இருந்து மால்கம் சிரித்தான். ஹில்டா கேட்டிருக்க வேண்டிய சிரிப்பு.

அதிகமாக எழுதிவிட்டேன். நீ கேட்டாய் என்றுதான்.

நார்மன்


ஓமாரு
25 அக்டோபர் 1987

அன்புள்ள நார்மன்,

உன் இரண்டு முழங்காலும் சரியாகட்டும். நாங்கள் சௌக்கியம். பெர்ட்டின் கோழிகள் நன்றாக முட்டையிடுகின்றன.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஒன்று கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்று தெரியாததால் நேராகவே கேட்கிறேன்.

கிளைவ் செத்த செய்தியோடு வீட்டுக்கு வந்த அதிகாரி, "உடனே முடிஞ்சுபோச்சும்மா, அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் இன்றுவரை எழுந்து நடமாடுகிறேன். ஆனால் அன்று காலையில் அவன் ஏதாவது பேசியிருப்பான் இல்லையா? டீ குடிக்கும்போது, வண்டியில் ஏறும்போது. இருவரும் ஒரே வண்டியில்தானே போனார்கள். என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா, சிரித்தானா, யாரையாவது திட்டினானா? எதுவாக இருந்தாலும் சரி. மால்கமைக் கேட்டு எழுது.

அவன் பேசுகிறான் என்றாயே, அதனால்தான் கேட்கிறேன்.

எனிட்


தார்ன்பெக்
17 ஜனவரி 1988

அன்புள்ள எனிட்,

உங்கள் இருவருக்கும் இந்தப் புது வருஷம் நல்லபடியாகப் போகட்டும். கிறிஸ்துமஸுக்கு வெறும் கார்டு மட்டும் அனுப்பியதற்கு வருந்துகிறேன். சளி பிடித்திருந்தது, அதனால் தாமதம்.

நீ கேட்டதை மால்கமிடம் கேட்டேன். சாதாரணமான காலை என்றான். கிளைவ் டீ குடித்தான், முட்டை சாப்பிட்டான், மழையைத் திட்டினான். உன்னைப் பற்றி அன்பாகப் பேசினானாம். விடுமுறையில் வீட்டுக்கு வர வேண்டும் என்று சொன்னானாம். அதிகாரி சொன்னபடியே எல்லாம் உடனே முடிந்துவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

வண்டி வேலை நின்றிருக்கிறது. அடுத்து கியர் பாக்ஸை இறக்க வேண்டும், மால்கம் நவம்பரிலிருந்து அதைத் தொடவில்லை. குளிர் அதிகம்.

தபால் வண்டி பனியில் வராமல் போனால் கவலைப்படாதே.

நார்மன்


ஓமாரு
14 பிப்ரவரி 1988

நார்மன்,

சளி போயிருக்கும். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனசு இல்லை.

என் மகன் முட்டை சாப்பிட மாட்டான். ஏழு வயதில் ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப்போனதிலிருந்து முட்டை இருக்கும் பக்கம்கூடப் போனதில்லை. அது மால்கமுக்குத் தெரியும். உனக்கு மறந்துவிட்டது. ஆகவே அந்தக் கடிதத்தில் இருந்தது மால்கம் சொன்னது இல்லை, நீ சமைத்தது.

பொய் சொல்லும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

நான் கேட்டது அவனை. அவனே எழுதட்டும். நீ தடுக்காதே. நான் ஒன்றும் கண்ணாடி இல்லை, உடைந்து போக.

எனிட்


தார்ன்பெக்
20 மார்ச் 1988

அன்புள்ள எனிட் அத்தைக்கு,

நீங்களும் பெர்ட் மாமாவும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். நான் கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை. ராணுவத்தில் எல்லோருக்கும் கிளைவ்தான் எழுதிக் கொடுப்பான்.

நீங்கள் கேட்டதை அப்பா என்னிடம் கேட்டார். அப்போதுதான் நடந்ததை அவரிடமே முதல்முறையாகச் சொன்னேன். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்றார். உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். எழுதுகிறேன்.

கிளைவ் உடனே சாகவில்லை, அத்தை.

எங்கள் வண்டிதான் வரிசையில் கடைசி. மாலை நேரம், மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் சாலையோரம் சரிந்தது. வேகம் இல்லை. வண்டி மெதுவாகச் சாய்ந்து பள்ளத்தில் கவிழ்ந்தது. கிளைவ் மேல் மூடியைத் திறந்து நின்றுகொண்டிருந்தான். முன்னால் போன வண்டிகளுக்குத் தெரியவில்லை, ரேடியோ செத்துவிட்டது.

என் கால் பெடலுக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கிளைவுக்கு இடுப்புக்கு மேலே வண்டிக்கு வெளியே, கீழே வண்டிக்கு உள்ளே. அவன் பூட்ஸ் என் தோளுக்குப் பின்னால் இருந்தது. கையைத் திருப்பினால் அவன் கணுக்காலைப் பிடிக்க முடிந்தது. பிடித்துக்கொண்டேன்.

"மால்கம், உசுரோட இருக்கியா?" என்று கேட்டான்.

"இருக்கேன்."

"பெட்ரோல் நாத்தம் அடிக்குது. சிகரெட் கேட்டுத் தொலைக்காத."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரித்தபோது வலித்தது போலிருக்கிறது, நிறுத்திக்கொண்டான்.

"ரொம்ப வலிக்குதா?"

"இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியல. என் காலப் புடிச்சிருக்கியா?"

"ஆமா."

"எனக்குத் தெரிய மாட்டேங்குது. புடிச்சிருக்கேன்னு அப்பப்ப சொல்லிக்கிட்டிரு."

சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கத்திப் பார்த்தோம், யாரும் வரவில்லை. பிறகு அவன் குரல் இறங்கிவிட்டது.

"எதையாவது பேசுடா. நீ பேசலன்னா நான் தூங்கிருவேன்."

"என்னத்தப் பேச?"

"இந்த வண்டிய நாம ரெண்டு பேரும் திரும்ப ஓட வெக்கணும். எங்கேந்து ஆரம்பிப்ப? ஒண்ணு விடாம சொல்லு."

அதனால் சொன்னேன். முதலில் நிமிர்த்திச் சக்கரத்தில் நிறுத்த வேண்டும், பிறகு டேங்க்கை வடிக்க வேண்டும், பிறகு மேல் தகடுகள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். "ரேடியேட்டர விட்டுட்ட, மக்கு" என்று ஒருமுறை திருத்தினான். அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், உங்களுக்குத் தெரியுமே. ரேடியேட்டர் போல்ட்டு, எஞ்சின் எல்லாம் சொல்லி கியர் பாக்ஸுக்கு வந்தேன். "இத எறக்க ரெண்டு பேரு வேணும்" என்றேன்.

"அதான் ரெண்டு பேரு இருக்கோமே" என்றான்.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. நான் நிறுத்தவில்லை. மீதியெல்லாம் சொன்னேன், பெயின்ட் அடிப்பது வரைக்கும் சொன்னேன். முடிந்ததும் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். தேடி வந்தவர்கள் என் கையை அவன் காலிலிருந்து பிரித்தபோதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேனாம்.

உங்களைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லவில்லை, அத்தை. சொன்னதாக எழுதலாம் என்று அப்பா நினைத்தார். சொல்லவில்லை.

மருத்துவமனையில் ஒரு அதிகாரி என்னிடம் வந்து, "அவங்கம்மாகிட்ட உடனே முடிஞ்சுதுன்னுதான் சொல்லியிருக்கோம், நீயும் அப்படியே சொல்லிடு" என்றார். அடக்கத்தன்று உங்கள் வாசலில் நான் இரண்டு கட்டைகளை ஊன்றி நின்றேன். "நீ மட்டும் எப்படிடா நின்னுக்கிட்டிருக்க?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் நீளமானது. பொய்யும் வரவில்லை, நிஜமும் வரவில்லை. அதன் பிறகு எனக்கு எந்தப் பேச்சும் சரியாக வரவில்லை.

வண்டியை ஏன் வாங்கினேன் என்று அப்பா இன்றுவரை கேட்கவில்லை. அவனிடம் சொன்னதைச் செய்துமுடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மால்கம்


ஓமாரு
8 மே 1988

நார்மனுக்கு,

நலம், நலமறிய ஆவல். கையெழுத்து கோணலாக இருக்கும், கண்ணுக்கு வரி தெரியவில்லை. எனிட் இதை எழுதச் சொல்லவில்லை.

வருகிற கடிதங்களை அவள்தான் எனக்குப் படித்துக்காட்டுவாள். மால்கமின் கடிதத்தில் கொஞ்ச தூரம் சத்தமாகப் படித்தாள், பிறகு மனசுக்குள் படித்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டாள். திரும்பி வந்ததும், "எனக்கும் படிச்சுக் காட்டேன், எனிட். எனக்கும் அவன் பிள்ளதானே" என்றேன். "உனக்குக் கண்ணு தெரியாததும் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். அந்த மனிதர் பாவம், படித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் கோழிக்குத் தீவனம் போட்டுவிட்டுப் போனார்.

எனிட் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. அவளிடமிருந்து கடிதம் எதிர்பார்க்காதே. மால்கமிடம் சொல், கிளைவுடைய அப்பா நன்றி சொன்னார் என்று. நான் வேறு என்ன சொல்ல.

பெர்ட்


தார்ன்பெக்
28 ஆகஸ்ட் 1988

அன்புள்ள எனிட்,

இதை நீ பிரித்துப் படிக்கிறாயா என்று தெரியாமலே எழுதுகிறேன். உன் ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஒழுங்காக எடுத்துக்கொள். பெர்ட்டின் கடிதம் வந்தது. அவர் சொன்னதை மால்கமிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போனான், சாப்பிட வரவில்லை.

ஜனவரியில் நான் எழுதியது பொய். நல்லதற்கு என்று நினைத்து எழுதினேன். இனி எழுத மாட்டேன்.

கியர் பாக்ஸை ஏப்ரலில் இறக்கினோம். எனக்கு இப்போது விஷயம் தெரியும் என்பதால் பேசாமல் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். கீழே வைத்ததும் அவன் அடுத்ததைச் சொல்லத் தொடங்கினான், குரல் எழும்பவில்லை. நான் வெளியே போய் விறகு பிளந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே அவன் குரல் கேட்டது. அன்றிலிருந்து வேலை நிற்கவில்லை. ஜூலையில் எஞ்சின் உயிர்பிடித்தது. பச்சைப் பெயின்ட்டும் அடித்தாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்தான். நான் ஓட்டுகிறவன் இருக்கைக்குப் போகப் பார்த்தேன். "நான் ஓட்றேம்பா" என்றான். சரி என்று மேலே ஏறி நின்றேன். "மேல நிக்காதீங்க. உள்ள ஒக்காந்து மூடியச் சாத்துங்க." சாத்திக்கொண்டேன். எதுவும் தெரியவில்லை, அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. சட்டை முழுக்க நனைந்திருந்தது. கீழ் வயலை ஒரு சுற்றுச் சுற்றினான், நடக்கிற வேகத்தில். வந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்தான்.

"அவ்வளவுதான்" என்றான்.

அவன் மாறிவிட்டான், கலகலப்பாகிவிட்டான் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. குவாரிக்குப் போகிறான், வருகிறான். பழைய வண்டிகள் வைத்திருப்பவர்கள் சிலர் வந்து கண்காட்சிக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டான். கொட்டகையில் இப்போது பேச்சுக் குரல் இல்லை. சொல்வதற்கு இருந்ததெல்லாம் முடிந்துவிட்டது. மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான், அது மட்டும் நிற்கவில்லை.

பதில் வேண்டும் என்று எழுதவில்லை. இரண்டு பேரும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நார்மன்


ஓமாரு
13 நவம்பர் 1988

அன்புள்ள மால்கம்,

நீ சுகமாக இருக்க வேண்டும். உன் அப்பா சமைப்பதைச் சாப்பிட்டும் சுகமாக இருக்க வேண்டும். பெர்ட்டுக்குக் கண்ணில் ஆபரேஷன் முடிந்தது, ஒரு கண் தெளிந்துவிட்டது. கட்டை அவிழ்த்ததும் என்னைப் பார்த்து, "உனக்கு வயசாயிடுச்சே" என்றார். அன்றைக்குத்தான் இந்த வீட்டில் மறுபடி ஒழுங்காகப் பேச்சு ஆரம்பித்தது.

உன் கடிதத்துக்கு இத்தனை மாதம் பதில் போடவில்லை. படித்த அன்று உன்னை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாமலே போய்விட்டது என்பதுதான் என்னிடம் மிச்சம் இருந்தது. சர்ச்சில் யாராவது துக்கம் விசாரித்தால் அதைச் சொல்வேன், அவர்களும் "அந்த மட்டும் கடவுள் கிருபை" என்பார்கள். அதை நீ எடுத்துக்கொண்டாய். நான்தான் கேட்டேன், தெரியும். கேட்டவளுக்குத்தான் கோபம் அதிகமாக வருகிறது. அவன் என் பெயரைச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்காகவும் உன் மேல் கோபம். ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தேன், அந்த ஒரு வரி அங்கே இருப்பதால்தான் மற்ற வரியெல்லாம் நிஜம் என்று நம்ப முடிகிறது.

மன்னிப்பு என்றெல்லாம் எழுத எனக்கு வராது. மன்னிக்கும்படி நீ ஒன்றும் செய்யவும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை துறைமுகத் தெருவில் இருக்கும் கார் ரிப்பேர்க் கடைக்குப் போனேன். சிவப்புத் தாடி வைத்த ஒரு ஆள் காருக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான்.

"என்ன வண்டிம்மா?"

"எங்கிட்ட வண்டி இல்ல. கியர் பாக்ஸுன்னா எப்படி இருக்கும்னு பாக்கணும்."

"வாங்கப் போறீங்களா?"

"பாக்கணும், அவ்வளவுதான்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஏதோ கிழவி, போகட்டும் என்று நினைத்திருப்பான். பெஞ்சின் மேல் ஒன்று மூடி கழற்றிக் கிடந்தது, அதைக் காட்டினான். நான் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். சில்லென்று இருந்தது. உள்ளே பல் சக்கரங்கள், ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு. நான் ஏதோ டப்பா மாதிரி சின்னதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், மால்கம்.

"இத எறக்க எத்தன பேரு வேணும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு இருந்தா தேவல."

நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான். போய் டீ போட்டுக்கொண்டு வந்தான். கோப்பையெல்லாம் எண்ணெய். குடித்தேன். அவன் திரும்பிக் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான், நான் எழுந்து போகும்வரை வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். கியர் பாக்ஸுக்கு அப்புறம் "மீதியெல்லாம் சொன்னேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். மீதி என்ன? அவன் காதில் விழாமல் நீ தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் எனக்கு எழுது. கியர் பாக்ஸை இறக்கியதிலிருந்து ஆரம்பி. ஒன்றையும் விடாதே. எனக்கு ஒரு வார்த்தை புரியாது, அதைப் பற்றிக் கவலைப்படாதே. நீ சொல்லிக்கொண்டே போ, நான் கேட்கிறேன்.

பனிக்காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

எனிட் அத்தை